நெபுலா படத்தில் இரைச்சல்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

இரைச்சல் குறைக்கும் மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும்: இந்த இரைச்சலுக்கு வடிவம் இருக்கிறதா, இல்லையா? வடிவமே இல்லாத பொடி இரைச்சல், சேர்க்கும் வெளிச்சத்தால்தான் உண்மையில் குறையும். கோடு, பட்டை, திட்டு, வளையம் என்று வடிவம் உள்ளது எத்தனை மணி நேரம் எடுத்தாலும் போகாது. பொடி அடங்க அடங்க அது இன்னும் பளிச்சென்று தெரியும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒன்று வீணாக ராத்திரிகள் போகும், இல்லையென்றால் மென்பொருளால் தேய்த்துத் தேய்த்து நெபுலாவின் மெல்லிய இழைகள் போகும்.

## முதலில் செய்ய வேண்டிய சோதனை

கேலிபிரேஷன் முடிந்த (கேமராவின் சொந்தக் குறைகளைக் கழித்த) பிரேம்களில், அதாவது தனித்தனிப் படங்களில், நான்குக்கு ஒன்று வீதம் எடுத்துத் தனியாக ஸ்டாக் செய்யுங்கள் (ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து ஒரே படமாக்குவது). 40 பிரேம் இருந்தால் 10. பிறகு அதே அமைப்புகளோடு 40-ஐயும் ஸ்டாக் செய்யுங்கள். சிரில் என்ற ஸ்டாக்கிங் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் வெளியீட்டு நார்மலைசேஷனை இரண்டு முறையும் அணைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு படங்களின் அளவுகோலே மாறிவிடும்.

இரண்டு ஸ்டாக்கையும் ஸ்ட்ரெட்ச் செய்யாமல் (மங்கலானவை தெரியும்படி பிரகாசத்தைத் தூக்காமல்) திறந்து, நட்சத்திரமோ நெபுலாவோ இல்லாத ஒரே இடத்தில் 60-க்கு 60 பிக்சல் கட்டம் போட்டு சிக்மா மதிப்பை, அதாவது பிக்சல்களின் ஏற்றத்தாழ்வைப் பாருங்கள். பிரேம் நான்கு மடங்கானால் சிக்மா பாதியாக வேண்டும். ஏறக்குறைய பாதியானால் உங்கள் இரைச்சல் பொடி வகை. அடுத்து வரும் முதல் அறிகுறிக்குப் போங்கள். பாதிக்கு வராமல் 0.7, 0.8 மடங்கிலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ ஒரு வடிவம் ஒளிந்திருக்கிறது.

கூடவே, கோளாறு எந்தக் கட்டத்தில் முதன்முதலாகத் தெரிகிறது என்றும் பாருங்கள்: கேமரா தந்தபடியே உள்ள தனி ரா பிரேமிலா, கேலிபிரேஷன் செய்த பிரேமிலா, ஸ்டாக்கிலா, ஸ்ட்ரெட்ச் செய்த பிறகா? கேலிபிரேஷனுக்குப் பிறகு மட்டும் தெரிந்தால் டார்க் (மூடி போட்டு எடுத்தது), பிளாட் (சீரான வெளிச்சத்தை எடுத்தது) பிரேம்களைத்தான் சந்தேகப்பட வேண்டும். வானத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

## அறிகுறி: படம் முழுக்கப் பொடிப்பொடியாக, வடிவம் எதுவும் இல்லை

### ஸ்ட்ரெட்ச் அளவு மீறியிருக்கிறதா?

காசு செலவில்லாத சோதனை இது. இறுதிப் படத்தில் பின்புல வானம் 255-க்கு 20 முதல் 30-க்குள் இருந்தால் போதும். 50, 60 என்று இருந்தால் கண்ணை உறுத்துவதில் பெரும்பங்கு நீங்களே தூக்கிவிட்டது. அதற்காகப் படத்தின் கறுப்பு அளவை (பிளாக் பாயின்ட்) இழுத்து வானத்தை 0-க்கு வெட்டிவிடாதீர்கள். இரைச்சலோடு சேர்ந்து நெபுலாவின் மங்கலான ஓரங்களும் வெட்டுப்பட்டுப் போகும்.

### மோசமான பிரேம்கள் கலந்திருக்கின்றனவா?

எல்லா பிரேம்களையும் வரிசையாக ஓட்டிப் பாருங்கள். மெல்லிய மேகம் வந்த பிரேமில் பின்புலம் உயர்ந்திருக்கும், நட்சத்திர எண்ணிக்கை குறைந்திருக்கும். நட்சத்திர எண்ணிக்கை வழக்கத்தில் பாதிக்கும் கீழே போன பிரேம்களை நீக்கிவிடலாம். மற்றவற்றுக்கு ஸ்டாக் செய்யும்போது இரைச்சலைப் பொறுத்து எடை கொடுங்கள். சற்றே சுமாரான பிரேமையெல்லாம் தூக்கி எறிய வேண்டாம். எடை குறைத்துச் சேர்த்தாலும் அது உதவும்.

### ஒரு பிரேமின் எக்ஸ்போஷர் போதுமா?

ஒவ்வொரு பிரேமிலும் கேமரா தன் பங்குக்கு ரீட் நாய்ஸ், அதாவது சென்சாரைப் படிக்கும்போது எழும் இரைச்சல், சேர்க்கிறது. வானத்தின் வெளிச்சம் அதை மூழ்கடிக்கும் அளவுக்கு எக்ஸ்போஷர் இருக்க வேண்டும். நடைமுறை அளவு: பின்புல வானத்திலிருந்து ஒரு பிக்சலில் சேரும் எலக்ட்ரான், ரீட் நாய்ஸின் வர்க்கத்தைப் போல 10 மடங்கு.

கணக்கு போட்டே பார்க்கலாம். ரீட் நாய்ஸ் 1.5 எலக்ட்ரான், ஒரு ஏடியு-வுக்கு (கோப்பில் பதிவாகும் பிக்சல் எண்ணின் ஓர் அலகு) 0.25 எலக்ட்ரான் என்று வைத்துக்கொள்வோம். தேவை 10 × 2.25 = 22.5 எலக்ட்ரான், அதாவது 90 ஏடியு. பயஸ் பிரேமின் (மூடி போட்டு மிகக் குறுகிய நேரத்தில் எடுத்தது) மீடியன், அதாவது நடு மதிப்பு, 500 என்றால் லைட் பிரேமின் (வானத்தை எடுத்தது) பின்புலம் 590-ஐத் தொட வேண்டும். 60 விநாடி பிரேமில் 545-தான் வருகிறது என்றால் 120 விநாடிக்குப் போங்கள். ரீட் நாய்ஸும் ஏடியு கணக்கும் நீங்கள் வைக்கும் கெயினுக்கு (சிக்னலைப் பெருக்கும் அளவு) ஏற்ப மாறும். கேமரா தயாரிப்பாளர் தரும் வரைபடத்தில் அந்தக் கெயினுக்கு நேராக உள்ள மதிப்பையே எடுங்கள்.

டிஎஸ்எல்ஆர் என்றால் இவ்வளவு கணக்கு வேண்டாம். கேமராவின் பின்திரை ஹிஸ்டோகிராமில் மேடு இடது ஓரத்திலிருந்து நன்றாகப் பிரிந்து, கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்க வேண்டும்.

இந்த அளவைத் தாண்டிய பிறகு ஒரு பிரேமை இன்னும் நீட்டுவதில் லாபம் மிகக் குறைவு. 10 நிமிட பிரேம் எடுத்தால்தான் படம் சுத்தமாக வரும் என்ற நம்பிக்கை நிறையப் பேரிடம் இருக்கிறது. வெளிச்சம் நிறைந்த வானத்தில், பில்டர் இல்லாமல், அதனால் நட்சத்திர மையங்கள் வெந்து போவதுதான் மிச்சம். 3 நானோமீட்டர் அகல ஒளியை மட்டும் விடும் நேரோபேண்ட் பில்டரோடு எடுக்கும்போது கதையே வேறு: வானம் அவ்வளவு இருட்டாகிவிடுவதால் 5 முதல் 10 நிமிடம் நிஜமாகவே தேவைப்படலாம்.

### மொத்த நேரம் போதுமா?

பெரும்பாலும் பதில் இங்கேதான் இருக்கிறது. இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு நேரம் வேண்டும். 2 மணி நேரப் படத்தைப் பாதி இரைச்சலுக்குக் கொண்டுவர 8 மணி நேரம். அதையும் பாதியாக்க 32. எம்42 (ஓரியன் நெபுலா) போன்ற பிரகாசமான நெபுலாவுக்கு 1 மணி நேரத்திலேயே மையப் பகுதி நன்றாக வந்துவிடும். ஸ்க்விட் நெபுலா என்கிற ஓயு4-க்கு இருபது, முப்பது மணி நேரமும் குறைவாகத்தான் தோன்றும். இரண்டு மூன்று ராத்திரிகளில் எடுத்ததை ஒரே ஸ்டாக்கில் சேர்ப்பதில் எந்தத் தடையும் இல்லை, அந்தந்த ராத்திரியின் பிளாட்டுகளோடு தனித்தனியாகக் கேலிபிரேட் செய்தால் போதும்.

### எப்போது, எங்கே எடுத்தீர்கள்?

நெபுலா அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் இருக்கும்போது தலைக்கு மேல் இருப்பதைப் போல இரு மடங்கு காற்றின் வழியாக ஒளி வருகிறது. அதற்குக் கீழே எடுத்த பிரேம்களை நம்பாதீர்கள். நிலா இருந்தால் ஓ-3 (ஆக்சிஜன் ஒளி) பில்டரை ஒதுக்கிவைத்து எச்-ஆல்ஃபாவை (ஹைட்ரஜனின் சிவப்பு ஒளி) எடுங்கள். நிலாவொளியில் ஓ-3 அதிகம் அடிவாங்கும். வானம் ஒரு மேக்னிட்யூட் (வான் பிரகாச அளவின் ஒரு படி) பிரகாசமானால், அதே தரத்துக்கு ஏறக்குறைய 2.5 மடங்கு நேரம் தேவை. இருண்ட இடத்துக்குப் போய் எடுக்கும் ஒரு ராத்திரியின் மதிப்பு இதிலிருந்தே புரியும்.

### பில்டர்

உமிழ்வு நெபுலாக்களுக்கு மட்டும் இது பெரிய உதவி. என்ஜிசி 7000, ரோசெட், வெயில் போன்றவை எச்-ஆல்ஃபாவின் 656.3 நானோமீட்டரிலும் ஓ-3-இன் 500.7-இலும் ஒளிர்கின்றன, இந்த இரண்டையும் மட்டும் உள்ளே விடும் டூயல்பேண்ட் பில்டர் மற்ற வெளிச்சத்தைத் தடுக்கிறது. எம்45-ஐச் சுற்றியுள்ள நீல மூட்டம், என்ஜிசி 7023 போன்ற பிரதிபலிப்பு நெபுலாக்களுக்கு இதே பில்டரைப் போட்டால் சிக்னலையும் சேர்த்தே வெட்டிவிடுகிறீர்கள், படம் முன்பைவிட மோசமாகும். மாற்றம் செய்யாத டிஎஸ்எல்ஆரில் சென்சாருக்கு முன்னால் உள்ள பில்டர் எச்-ஆல்ஃபாவின் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. அதைக் கழற்றும் வேலையைக் கேமரா பிரித்துப் பழக்கமுள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும்: ஃபோகஸ் தளம் மாறும், பிளாஷ் கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

### பிக்சல் அளவு ரொம்பப் பொடியா?

206.265-ஐ மைக்ரான் கணக்கில் பிக்சல் அளவால் பெருக்கி, மி.மீ. கணக்கில் குவியத் தூரத்தால் வகுங்கள். 3.76 மைக்ரான் பிக்சலும் 1000 மி.மீ. தொலைநோக்கியும் என்றால் ஒரு பிக்சலுக்கு 0.78 ஆர்க்செகண்ட். காற்றின் அலைக்கழிப்பால் நட்சத்திரம் பரவும் அளவு (சீயிங்) 3 ஆர்க்செகண்டாக இருக்கும்போது அந்த நுணுக்கம் எதற்கும் பயன்படுவதில்லை. மென்பொருளில் 2-க்கு 2 பின்னிங் செய்யுங்கள் (நான்கு பிக்சலை ஒன்றாக்குவது), பிக்சல் அளவில் இரைச்சல் பாதியாகும், விவரம் எதுவும் குறையாது. இதற்கு நேர் எதிராக, 2 மடங்கு டிரிசில் (ஸ்டாக் செய்யும்போதே படத்தைப் பெரிதாக்குவது) செய்துவிட்டு இரைச்சல் கூடிவிட்டதே என்று திகைப்பவர்கள் உண்டு. டிதர் செய்த பிரேம்கள் (இடையிடையே தொலைநோக்கியைச் சற்று நகர்த்தி எடுத்தவை) ஏராளமாக இல்லாவிட்டால், அதுவும் படம் அண்டர்சேம்பிளிங்காக (விவரத்துக்குப் பிக்சல் போதாததாக) இல்லாவிட்டால், 2 மடங்கு டிரிசிலைத் தொடவே வேண்டாம்.

கடைசிச் செலவு ஃபோக்கல் ரெட்யூசர், குவியத் தூரத்தைக் குறைக்கும் லென்ஸ். எஃப்/10 தொலைநோக்கியை எஃப்/6.3 ஆக்கினால் விரிந்த நெபுலாவிலிருந்து ஒவ்வொரு பிக்சலுக்கும் 2.5 மடங்கு வெளிச்சம் கிடைக்கும். இந்த அறிகுறிக்காகக் கேமராவை சர்வீஸுக்கு அனுப்ப வேண்டியதில்லை. அங்கே சரிசெய்ய எதுவும் இல்லை.

## அறிகுறி: மழைச்சாரல் போலச் சாய்வான கோடுகள்

எல்லாக் கோடும் ஒரே திசையில், சின்னச் சின்னதாக, படம் முழுக்க. தனி பிரேமில் தெரியாது, ஸ்டாக்கில்தான் வெளியே வரும். வாக்கிங் நாய்ஸ் என்பது இதுதான். சென்சாரின் நிலையான பிக்சல் குறைகள் அசையாமல் இருக்க, நட்சத்திரங்கள் பிரேமுக்குப் பிரேம் மெதுவாக ஒரே பக்கம் நகர்கின்றன. ஸ்டாக் செய்யும்போது நட்சத்திரங்களைப் பொருத்துவதால், குறைகள் கோடாக இழுபடுகின்றன.

எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை முதல் பிரேமையும் கடைசி பிரேமையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். கோட்டின் திசையும் நகர்வின் திசையும் ஒன்றாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மருந்து டிதர். பெரும்பாலும் அது ஆன் செய்யப்பட்டுத்தான் இருக்கும், அளவுதான் போதாது. பிஎச்டி2 என்ற கைடிங் மென்பொருளில் கொடுக்கும் டிதர் எண் கைடு கேமராவின் (தொலைநோக்கி நட்சத்திரத்தை விடாமல் தொடர உதவும் இரண்டாவது கேமரா) பிக்சல், முக்கியக் கேமராவின் பிக்சல் அல்ல. உதாரணமாக, முக்கியக் கேமரா 3.76 மைக்ரான், 400 மி.மீ. என்றால் பிக்சலுக்கு 1.94 ஆர்க்செகண்ட். கைடு கேமரா 3.75 மைக்ரான், 120 மி.மீ. என்றால் 6.45. முக்கியக் கேமராவில் 10 பிக்சல் நகர வேண்டுமானால் 19.4 ஆர்க்செகண்ட், அதாவது கைடு கேமராவில் 3 பிக்சல். தொலைநோக்கியை மாற்றிவிட்டுப் பழைய எண்ணை அப்படியே விட்டுவைத்தால் டிதர் நடந்தும் நடக்காதது போலத்தான்.

குளிரூட்டிய கேமராவுக்கு 5 பிக்சல்கூடப் போதுமானதாக இருக்கும். குளிரூட்டாத டிஎஸ்எல்ஆருக்கு 12-க்குக் குறையாமல் வையுங்கள். பிரேம் நீளமாக இருந்தால் ஒவ்வொரு பிரேமுக்கும், 30 விநாடி மாதிரி குறுகியதாக இருந்தால் மூன்று பிரேமுக்கு ஒரு முறை. திசை ஒழுங்கற்றதாக இருக்கட்டும். டெக்ளினேஷன் (வடக்கு-தெற்கு) பிரச்சினைக்காக ரைட் அசென்ஷனில் (கிழக்கு-மேற்கு) மட்டும் டிதர் என்று வைத்திருந்தால், அந்த ஒரே திசையில் கோடு மிச்சமிருக்கும்.

கைடிங் இல்லையா? நினா என்ற படப்பிடிப்பு மென்பொருளில் டைரக்ட் கைடர் வசதி உண்டு, மவுன்டுக்கு (தொலைநோக்கியைச் சுழற்றும் தாங்கி) நேரடியாக டிதர் கட்டளை போகும். அதுவும் இல்லையென்றால் ஐந்து பிரேமுக்கு ஒரு முறை கைப்பெட்டியின் பொத்தானைத் தட்டி இடம் மாற்றுங்கள், ஒவ்வொரு முறையும் வேறு வேறு திசையில்.

டிதர் சரியாக இருந்தும் நகர்வு தொடர்ந்தால் போலார் அலைன்மென்ட் (மவுன்டின் அச்சை வான துருவத்துக்கு நேராக வைப்பது) சரியா என்று பாருங்கள். கைடிங் வரைபடம் நேராக இருக்கிறது, ஆனால் படம் மட்டும் நகர்கிறது என்றால் கைடு ஸ்கோப் தனியாக வளைகிறது. வளைய இறுக்கிகள், ஃபோகசரின் தளர்வு, தொங்கி இழுக்கும் கேபிள் இந்த வரிசையில் இறுக்கிப் பாருங்கள். கடைசி வழி ஆஃப்-ஆக்சிஸ் கைடர்: முக்கியத் தொலைநோக்கியின் ஒளியிலிருந்தே கைடு செய்வது.

ஏற்கெனவே எடுத்து முடித்த தரவுக்கு முழுத் தீர்வு இல்லை. டார்க்கைச் சரியாகக் கழித்து, காஸ்மெடிக் கரெக்ஷன் (பழுதான பிக்சலை அண்டைப் பிக்சல்களால் நிரப்புவது) போட்டு, ஸ்டாக்கிங் நிராகரிப்பின் (விலகி நிற்கும் மதிப்புகளை நீக்குவது) மேல் எல்லையை 3 சிக்மாவிலிருந்து 2.5-க்கு இறக்கினால் ஓரளவு தணியும்.

## அறிகுறி: சிவப்பும் பச்சையுமாகப் பெரிய திட்டுகள்

டிஎஸ்எல்ஆரிலும் குளிரூட்டாத வண்ணக் கேமராக்களிலும் அதிகம் வரும். பெரும்பாலும் வேர் டிதர் போதாமைதான். மேலே சொன்ன கணக்கை முதலில் சரிசெய்யுங்கள். அதன்பின் பிராசசிங் வரிசையைப் பாருங்கள்: பின்புலச் சாய்வை நீக்குவது, வண்ணச் சமன், பச்சை நீக்கம், பிறகே ஸ்ட்ரெட்ச். சாய்வை நீக்காமல் ஸ்ட்ரெட்ச் செய்தால் மூன்று சேனலும் வெவ்வேறு உயரத்தில் தூக்கப்பட்டு, இல்லாத திட்டும் தோன்றும்.

பின்புல மாதிரிப் புள்ளிகளை நெபுலாவின் மேல் வைத்துவிட்டாலும் இதே திட்டு வரும். புள்ளிகளைக் குறைத்து, கையால் வைத்துப் பாருங்கள்.

அப்படியும் மிஞ்சினால் வண்ண இரைச்சலை மட்டும் தனியாகக் குறையுங்கள். வண்ணத்தில் தாராளமாகத் தேய்க்கலாம், கண் அதைப் பெரிதாகக் கவனிக்காது. பிரகாசத்தில்தான் கை அடக்கமாக இருக்க வேண்டும். டூயல்பேண்ட் தரவை எச்-ஆல்ஃபா, ஓ-3 என்று பிரித்துப் பாருங்கள். பெரும்பாலான நெபுலாக்களில் ஓ-3 தான் மங்கல், திட்டு மொத்தமும் அதிலிருந்தே வருகிறது என்பது தெரியும். இரைச்சல் குறைப்பை அந்த ஒரு சேனலில் அழுத்தமாகவும் எச்-ஆல்ஃபாவில் லேசாகவும் போட்டுவிட்டு, பிறகு சேருங்கள்.

## அறிகுறி: ஒற்றைப் பிக்சல் புள்ளிகள்

### பளிச்சென்ற சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள்

டார்க் பிரேம் லைட்டைவிடக் குளிராகவோ குறுகிய நேரத்திலோ எடுக்கப்பட்டிருக்கிறது, அல்லது டார்க் கழிக்கப்படவே இல்லை. சென்சாரின் வெப்ப மின்னோட்டம் சுமார் 6 டிகிரிக்கு ஒரு முறை இரட்டிக்கும். 6 டிகிரி வித்தியாசம் என்றால் டார்க் பாதியைத்தான் கழிக்கிறது. குளிரூட்டிய கேமராவில் வெப்பநிலை, கெயின், ஆப்செட் (ஒவ்வொரு பிக்சலிலும் கேமரா கூட்டும் அடிமதிப்பு), நேரம் நான்கும் அச்சாகப் பொருந்த வேண்டும். கூலர் 100 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தால் குறித்த வெப்பநிலையை அது பிடித்துவைக்கவில்லை என்று பொருள். 80 சதவீதத்துக்குள் ஓடும்படி இலக்கை 5 டிகிரி உயர்த்திவிட்டு, அதற்கேற்ற டார்க்கைப் புதிதாக எடுங்கள்.

டிஎஸ்எல்ஆரில் டார்க்கை அதே ராத்திரி, படப்பிடிப்பு முடிந்த கையோடு எடுங்கள். மறுநாள் வீட்டுக்குள் எடுத்தது பொருந்தாது.

### கரும்புள்ளிகள், குழி விழுந்தது போல

இது நேர் எதிர். டார்க் லைட்டைவிடச் சூடாக எடுக்கப்பட்டிருக்கிறது, தேவைக்கு மேல் கழிகிறது. ஆப்செட் ரொம்பக் குறைவாக இருந்தாலும் கழித்தபின் பிக்சல்கள் 0-க்குக் கீழே போய் வெட்டுப்படும். பயஸ் பிரேமின் மிகக் குறைந்த மதிப்பு 0 என்று காட்டினால் ஆப்செட்டை உயர்த்துங்கள்.

### புள்ளிக்குப் பதில் சின்னச் சிலுவை வடிவ வண்ணக் கறை

ரா தரவை வண்ணப் படமாக்கும் டிபேயருக்குப் பிறகு காஸ்மெடிக் கரெக்ஷன் நடந்திருக்கிறது. அது டிபேயருக்கு முன்னால், வண்ண சென்சாருக்கான தேர்வோடு நடக்க வேண்டும்.

செயற்கைக்கோள் கோடுகளுக்கு வேறு மருந்து தேவையில்லை; 15 பிரேமுக்கு மேல் இருந்தால் வின்சரைஸ்டு சிக்மா கிளிப்பிங் என்ற நிராகரிப்பு முறை அவற்றைத் தூக்கிவிடும்.

## அறிகுறி: படுக்கை அல்லது செங்குத்துப் பட்டைகள்

### எல்லா பிரேமிலும் ஒரே இடத்தில்

சென்சாரின் நிலையான வடிவம். 50 பயஸ் பிரேம் சேர்த்த மாஸ்டரில் அதே பட்டை தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் சரியான டார்க் அதைக் கழித்துவிடும். ஐந்தாறு டார்க் போட்டு மாஸ்டர் செய்தால் அதன் இரைச்சலும் படத்தில் ஏறும். 30-க்குக் குறையாமல் எடுங்கள்.

### பிரேமுக்குப் பிரேம் இடம் மாறுகிறது

மின்சாரம்தான் காரணம். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஐந்து பிரேம். பட்டை போய்விட்டால் வேறெங்கும் தேட வேண்டாம். போகவில்லையா, கேமராவையும் மவுன்டையும் டியூ ஹீட்டரையும் (லென்ஸில் பனி படியாமல் சூடாக்குவது) வெவ்வேறு மின்வழியில் இணைத்துப் பாருங்கள். டியூ ஹீட்டர் விட்டு விட்டு ஓடும் வகை என்றால் அதை மட்டும் அணைத்து ஒரு முறை எடுக்க வேண்டும். அடுத்து யுஎஸ்பி: ஹப்பை நீக்கிவிட்டுக் கணினியில் நேராகச் செருகுங்கள், 2 மீட்டருக்குள் உள்ள கேபிள், டிரைவரில் யுஎஸ்பி வேகத்தை 40 அளவுக்கு இறக்குவது. இவை எல்லாம் முடிந்து, வேறு கணினியிலும் வேறு அடாப்டரிலும் மூடி போட்ட டார்க்கிலேயே பட்டை வந்தால் அது கேமராவின் பலகை. அதற்கு மேல் நீங்கள் திறக்க வேண்டாம், சர்வீஸுக்கு அனுப்புங்கள்.

டிஎஸ்எல்ஆரில் லேசான பட்டை இருந்தால் சிரிலிலும் பிக்ஸ்இன்சைட்டிலும் கேனன் பட்டைக் குறைப்பு வசதி இருக்கிறது. பட்டை படத்தின் ஓரத்துக்கு இணையாக, சாயாமல் ஓடும்போதுதான் அது வேலை செய்யும். ஃபீல்ட் சுழன்ற ஸ்டாக்கில் போட்டுப் பயனில்லை. ஒவ்வொரு பிரேமிலும் ஸ்டாக்குக்கு முன் போட வேண்டும்.

### பிளாட்டில் மட்டும்

எல்இடி பலகையின் சிமிட்டல். ஒளியைக் குறைத்து, பிளாட்டின் நேரத்தை 2 விநாடிக்கு மேல் நீட்டுங்கள். பலகையின் மேல் வெள்ளைத் தாள் இரண்டு மூன்று அடுக்கு வைத்தால் போதும்.

## அறிகுறி: ஓரத்திலிருந்து ஒளி பீறிடுகிறது, டார்க் கழித்தும் போகவில்லை

சோனி ஐஎம்எக்ஸ்294, ஐஎம்எக்ஸ்183 சென்சார்களில் ஆம்ப் குளோ, அதாவது சென்சாரின் மின்சுற்றே உமிழும் ஒளி, இயல்பு. ஐஎம்எக்ஸ்571, ஐஎம்எக்ஸ்533-இல் அது கிடையாது. அவற்றில் இப்படித் தெரிந்தால் வெளிச்சக் கசிவையே முதலில் தேடுங்கள்.

ஆம்ப் குளோ நேரத்தோடு நேர்விகிதத்தில் வளர்வதில்லை. அதனால் 300 விநாடி டார்க்கை 180 விநாடி லைட்டுக்குச் சுருக்கிப் பொருத்தும் டார்க் ஆப்டிமைசேஷன் வசதியை அணையுங்கள். அதே நேரத்துக்கு டார்க் எடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

தீரவில்லையென்றால் டார்க்கில் வெளிச்சம் புகுந்திருக்கிறது. இருட்டறையில் ஒரு டார்க், விளக்கு எரியும் அறையில் ஒரு டார்க், இரண்டின் மீடியனும் ஒன்றாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் மூடிகளில் பல அகச்சிவப்பைக் கடத்துகின்றன, கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தாலும். அலுமினியத் தாளால் சுற்றுங்கள், அல்லது உலோக மூடி போடுங்கள். நியூட்டோனியனில் அடிக்கண்ணாடியின் பின்புறம் திறந்திருக்கும், அதையும் மூடுங்கள். டிஎஸ்எல்ஆரில் வியூஃபைண்டரை மறைக்க வேண்டும்.

## அறிகுறி: வளையங்கள், மூலைகளில் அதிக இரைச்சல்

தூசி வளையம் இருட்டாக மிஞ்சினால் பிளாட் எடுத்தபின் கேமரா சுழன்றிருக்கிறது அல்லது ஃபோகஸ் மாறியிருக்கிறது. வளையமும் மூலையும் வெளிச்சமாகத் தெரிந்தால் லைட்டிலிருந்து டார்க்கோ பயஸோ கழிக்கப்படவில்லை. இரண்டும் இருட்டாகவே மிஞ்சினால் பிளாட்டிலிருந்து பயஸோ டார்க்-பிளாட்டோ கழிக்கப்படாமல் இருக்கலாம். ஐஎம்எக்ஸ்294-இல் பயஸை நம்பாமல், பிளாட்டின் அதே நேரத்துக்கு டார்க்-பிளாட் எடுப்பது நல்லது.

மூலையில் பொடி இரைச்சல் மட்டும் கூடுதலாக இருந்தால் அது தவறல்ல. அங்கே விழும் ஒளியே குறைவு. பிளாட் அதைத் தூக்கும்போது இரைச்சலும் சேர்ந்து எழுகிறது. பிளாட்டுகள் 30, ஹிஸ்டோகிராம் பாதியில் என்று இருந்தால் பிளாட் தன் பங்குக்கு எதுவும் கெடுக்காது. ஒரு பிக்சலில் 25,000 எலக்ட்ரான் சேர்ந்த பிளாட்டின் சிக்னல்-இரைச்சல் விகிதம் 158. 30 சேர்த்தால் ஏறக்குறைய 866. மிச்ச இரைச்சல் உள்ள ஓரத்தை வெட்டிவிடுவதே நேர்மையான வழி.

படத்தின் மையத்தைச் சுற்றிப் பொதுமைய வட்டமாக வண்ண வளையங்கள் வந்தால் பிளாட்டைத் தேட வேண்டாம். கேமராவிலேயே லென்ஸ் கரெக்ஷன், விக்னெட் கன்ட்ரோல் ஆன் ஆகியிருக்கும். அவற்றையும் நீண்ட நேர இரைச்சல் குறைப்பையும் அணைத்து, ராவைச் சுருக்காமல் சேமியுங்கள்.

## அறிகுறி: நடுவில் மங்கிய திட்டு, நேரம் போகப் போக வளர்கிறது

குளிரூட்டிய சென்சாரின் மேல் பனி படிந்திருக்கிறது. கூலரை அணைத்து, மெதுவாகச் சூடேறவிட்டு, மறுபடி படிப்படியாகக் குளிர்வியுங்கள். திரும்ப வந்தால் ஈரம் உறிஞ்சும் மாத்திரைகளை மாற்றவோ உலர்த்தவோ வேண்டும். பக்கவாட்டுத் திருகு வழியாக மாற்றும் வசதி உள்ள மாடல் என்றால் நீங்களே செய்யலாம். சென்சார் அறையைத் திறந்துதான் ஆக வேண்டும் என்றாலோ, மாத்திரை மாற்றியும் ஒரு மாதத்துக்குள் மறுபடி பனி வந்தாலோ, சீல் போய்விட்டது. அது சர்வீஸ் வேலை.

## அறிகுறி: இரைச்சல் போய்விட்டது, படம் பிளாஸ்டிக் ஆகிவிட்டது

நட்சத்திரங்களுக்கு இடையில் நெளிநெளியான கோடுகள், இழையே இல்லாத வழவழப்பு, இருட்டு நெபுலா மாதிரி தோன்றும் பொய்த் திட்டுகள். கிராக்ஸ்பர்ட், நாய்ஸ் எக்ஸ்டெர்மினேட்டர் போன்ற கருவிகளில் குற்றமில்லை. கொடுத்த இடமும் அளவும்தான் தவறு.

ஸ்ட்ரெட்சுக்கு முன், லீனியர் நிலையில், டிகான்வலூஷன் (மங்கலைக் கணக்கிட்டு நீக்கிக் கூராக்குவது) முடிந்த பிறகு போடுங்கள். ஷார்ப் செய்வதற்கு முன்பே இரைச்சலைத் தேய்த்துவிட்டால், ஷார்ப்பனிங் கருவி மிச்சமிருக்கும் திட்டுகளை விவரம் என்று நினைத்துக் கூராக்கும். அளவை முழுவதும் வைக்காமல் 0.6 முதல் 0.8-க்குள் நிறுத்துங்கள். சற்றுப் பொடி மிஞ்சட்டும், நெபுலாவின் வாயு இழை நம்பும்படியாக இருக்கும்.

நெளிவு குறிப்பாக வருவது இரைச்சல் பிக்சலுக்குப் பிக்சல் தொடர்புடையதாக மாறிய படங்களில். பெரிதாக்கியது, 2 மடங்கு டிரிசில், ஜேபெக்காகச் சேமித்துத் திறந்தது இவற்றில் கருவி தடுமாறும். முழு அளவு 32 பிட் ஸ்டாக்கில் முதலில் இரைச்சலைக் குறைத்துவிட்டு, அளவு மாற்றுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கருவி காட்டுவது உண்மையா என்று சந்தேகம் வந்தால், பிரேம்களை ஒற்றை எண், இரட்டை எண் என்று இரண்டாகப் பிரித்து இரண்டு ஸ்டாக் செய்து, இரண்டிலும் ஒரே இரைச்சல் குறைப்பைப் போடுங்கள். இரண்டிலும் ஒரே வடிவில் வரும் இழையை நம்பலாம். ஒன்றில் மட்டும் வருவது கருவியின் கற்பனை, அளவைக் குறையுங்கள்.

## சர்வீஸுக்கு அனுப்பும்போது

அழகான இறுதிப் படத்தை அனுப்பினால் அவர்களால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. மூடி போட்ட நிலையில் எடுத்த கேலிபிரேட் செய்யாத ஃபிட்ஸ் அல்லது ரா கோப்புகளாக இவற்றைக் கொடுங்கள்: மிகக் குறுகிய நேர பயஸ் இரண்டு, 300 விநாடி டார்க் இரண்டு, அதே டார்க் வேறு கணினி, வேறு கேபிள், வேறு அடாப்டரில் ஒன்று. கெயின், ஆப்செட், கூலரின் சதவீதம், டிரைவர் பதிப்பு நான்கையும் எழுதி வையுங்கள். இரண்டு பயஸையும் கழித்துப் பார்க்கும்போது பட்டை மிஞ்சுகிறதா இல்லையா என்பதை நீங்களே முன்கூட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டால், மின்வழிக் கோளாறா சென்சாரின் நிலையான குறையா என்பதை அவர்கள் திரும்ப முதலிலிருந்து தேட வேண்டியிருக்காது.